இலவசம் என்றால் இளப்பமா?

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை. வழி நெடுகப் பந்தல்கள். ஓரிடத்தில் புளியோதரை, ஓரிடத்தில் சுடச்சுடப் பொங்கல், இன்னோரிடத்தில் நீர் மோர். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வருகிற பட்டணத்துக் கனவானும் தொன்னையை நீட்டுகிறார். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவரும் நீட்டுகிறார். "இனாம் சோறுதானே, எப்படி இருக்குமோ?" என்று அங்கே யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை.

அதே மனிதர்களிடம் போய், "படிப்பு இனாமாகக் கிடைக்கிறது, வாங்கிக் கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே சந்தேகம் வந்துவிடும். "இனாமா? அப்படியானால் அதில் சரக்கு இருக்காது" என்பார்கள். சாப்பாட்டுக்கு இல்லாத இளப்பம் படிப்புக்கு மட்டும் எப்படி வந்தது என்பது எனக்கு வெகு நாளாகப் புரியாத விஷயம்.

தேரடி வீதிப் பக்கம் ஓர் அம்மாள். பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று நம்பும் நல்ல மனசு அவருக்கு. சமீபத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி ஒரு யோசனை கேட்டார்.

"தம்பி, சின்னவனைக் கம்ப்யூட்டர் வகுப்பிலே சேர்க்கலாம்னு இருக்கேன். 40,000 ரூபாய் கேட்கறாங்க. ஆறு மாசம். முடிச்சா வேலை நிச்சயமாம். சங்கிலியை வச்சுக் கட்டிடலாமா?"

"பையனுக்கு அதில் ஆசை இருக்கிறதா, அக்கா?"

"ஆசை என்ன ஆசை! எப்பப் பார்த்தாலும் போன்லேயேதான் இருக்கான். கம்ப்யூட்டர் வராமலா போயிடும்?"

"பெரியவள் என்ன செய்கிறாள்?"

"அவ பி.எஸ்ஸி. கணக்கு முடிச்சுட்டு ரெண்டு வருஷமா வீட்லதான் இருக்கா. ப்ளஸ் டூவிலே கம்ப்யூட்டர்தான் படிச்சா. நல்ல மார்க். இப்போ வரன் பார்த்துக்கிட்டிருக்கோம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் காப்பி கொண்டு வந்து வைத்தாள். அவளுடைய பழைய பாடப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன். பரண்மேல் இருப்பதாகவும், பழைய பேப்பர்க்காரர் வந்தால் போட்டுவிடப் போவதாகவும் பதில் வந்தது.

சகோதரிகளே, விஷயத்தைக் கவனித்தீர்களா? 40,000 ரூபாய்க்கு வெளியே வாங்கப் போகிற சரக்கில் ஒரு நல்ல பங்கு, அந்த வீட்டுப் பரண்மேலேயே தூங்கிக்கொண்டிருந்தது! படிக்க ஆசையுள்ள கையொன்றும் காப்பித் தம்ளரோடு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் 2018-ல் பாடத் திட்டத்தை மாற்றினார்கள் அல்லவா? அதன் பிறகு வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் 'ஸி ப்ளஸ் ப்ளஸ்' என்ற கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 'பைதான்' இருக்கிறது. விவரங்களைச் சேமித்து வைத்துக் கேட்டு வாங்கும் 'மை எஸ்க்யூஎல்' இருக்கிறது. இன்றைக்கு உலகமெங்கும் கம்பெனிகளில் புழங்குகிற பைதான் அதுவேதான். பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக ஒரு பைதான் கிடையாது. தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை மின்னணுப் பொறியியலுக்கும் புத்தகம் உண்டு. இவையெல்லாம் தமிழிலும் இருக்கின்றன, ஆங்கிலத்திலும் இருக்கின்றன. பரணில் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அரசாங்கத்தின் பாடநூல் இணைய தளத்திலிருந்து ஒரு பைசா கொடுக்காமல் போனில் இறக்கிக் கொள்ளலாம்.

"பாடப் புத்தகத்துத் தமிழ் கரடுமுரடாக இருக்கிறதே!" என்பீர்கள். வாஸ்தவம்தான். 'மாறி' என்கிறார்கள், 'மடக்கு' என்கிறார்கள். படிக்கிற பெண் மிரண்டு போகிறாள். ஆனால் சமையலறைக்குள் ஒரு நிமிஷம் வந்து பாருங்கள், மிரட்சி போய்விடும்.

அலமாரியில் டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றின்மேல் 'துவரம்பருப்பு' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் அளவு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. சீட்டு மட்டும் அப்படியே இருக்கும். 'மாறி' என்பது இதுதான். பெயர் நிலையாக நிற்கும்; உள்ளே இருப்பது மாறும்.

பால் கணக்குப் போடுகிறீர்கள். லிட்டர் 50 ரூபாய், தினம் அரை லிட்டர். ஆகவே ஒரு நாளைக்கு 25 ரூபாய். மாதத்தில் 30 நாள். முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை காலண்டரில் விரலை வைத்து ஒவ்வொரு நாளாகக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பெயர் 'மடக்கு'. நடுவில் 4 நாள் ஊருக்குப் போய்விட்டீர்கள். அந்தத் தேதிகளில் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. 'குறி இருந்தால் கூட்டாதே, இல்லாவிட்டால் கூட்டு' என்று மனசுக்குள் சொல்லிக் கொள்கிறீர்களே, அதுதான் 'நிபந்தனை'. கடைசியில் 26 நாளுக்கு 650 ரூபாய் என்று பால்காரரிடம் எண்ணிக் கொடுக்கிறீர்கள்.

டப்பா, காலண்டர், பெருக்கல் குறி. இந்த மூன்றையும் பைதானில் எழுதத் தெரிந்தவள் கம்ப்யூட்டர் நிரல் எழுத ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். மற்றதெல்லாம் இதன் மேல் கட்டுகிற மாடிகள்.

பாடப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக நான் சொல்லக்கூடியது 'கணியம்'. இது 2012 ஜனவரியில் தொடங்கிய தமிழ் மின்னிதழ். த. சீனிவாசனும் அவரைச் சேர்ந்த நண்பர்களும் நடத்தி வருகிறார்கள். கம்ப்யூட்டர் சமாசாரங்களைத் தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது போல் எழுதுகிறார்கள். 'எளிய தமிழில்' என்று ஆரம்பிக்கும் வரிசையில் து. நித்யா எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. லினக்ஸ், மை எஸ்க்யூஎல், இணையப் பக்கம் அமைக்க உதவும் ஹெச்.டி.எம்.எல்., கம்ப்யூட்டருக்கே கற்றுக் கொடுக்கும் 'மெஷின் லேர்னிங்' என்று ஒரு பெண்மணி இத்தனை விஷயங்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார் என்பதை வீட்டில் இருக்கும் பெண்களுக்கு அவசியம் சொல்லுங்கள். இரா. அசோகன் ரோபாட், மின்சார வாகனம், காருக்குள் இருக்கும் மின்னணுச் சாதனங்கள் ஆகியவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' என்ற தளத்தில் இத்தகைய புத்தகங்களை இறக்கிக் கொள்ளலாம். போனில் படிப்பதற்கு ஒரு வடிவம், காகிதத்தில் அச்செடுப்பதற்கு ஒரு வடிவம் என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள்.

"திருட்டுப் புத்தகமாக இருக்குமோ?" என்று பயப்பட வேண்டாம். எழுதியவர்களே 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்கிற உரிமத்தின்படி, படிக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தால் நம் வீட்டில் ஒரு கிண்ணம் குறையும். இந்தப் புத்தகத்தை நூறு பேருக்குக் கொடுத்தாலும் உங்களிடம் இருப்பது குறையாது.

மூன்றாவது, பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்'. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் வளர்ந்த திட்டம் இது. ஒவ்வொரு பாடமும் சுமார் 10 நிமிஷம். திரையில் ஒருவர் செய்து காட்டிக்கொண்டே பேசுகிறார். அந்தப் பேச்சு தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. திரை ஆங்கிலம், காதில் விழுவது தமிழ். லினக்ஸ், பைதான், ஸி, ஜாவா, லிப்ரே ஆபீஸ் என்று பாடங்களின் ஜாபிதா நீண்டு கொண்டே போகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அவர்கள் வற்புறுத்துகிற முறைதான். பாடத்தைப் பார்த்து முடித்துவிட்டு அப்புறம் செய்து பார்க்கலாம் என்று விடக் கூடாதாம். ஒரு பக்கம் பாடம், மறு பக்கம் நம் வேலை. அவர் ஒரு வரி செய்தால் நிறுத்தி, நாமும் ஒரு வரி செய்ய வேண்டும். கோலம் கற்றுக்கொண்டது எப்படி? பாட்டி ஒரு புள்ளி வைத்தாள், நாம் ஒரு புள்ளி வைத்தோம். திண்ணையில் உட்கார்ந்து கோலத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்று வரை கோலம் வரவில்லை!

நான்காவது, கொஞ்சம் கனமான சாப்பாடு. 'என்.பி.டி.இ.எல்.' என்று பெயர். 7 ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்தது. சென்னை ஐ.ஐ.டி. இதில் முன்னால் நிற்கிறது. கிண்டியில் நுழைவுத் தேர்வு எழுதி, ஆயிரத்தில் ஒருவராக உள்ளே போன பிள்ளைகளுக்கு நடக்கிற பாடம், ஆரணியிலும் செங்கத்திலும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் யூடியூபில் கிடைக்கிறது. சேர்வதற்குக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள்; சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் வந்திருக்கிறது. கல்லூரியில் கணக்கோ பௌதிகமோ படித்த பெண்ணுக்கு இது எட்டாத உயரமில்லை. ஆனால் முதல் படியாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். பச்சைக் குழந்தைக்குப் பட்டாணி சுண்டல் கொடுத்தது போலாகிவிடும்.

இனி எலெக்ட்ரானிக்ஸ். இதை ஆண் பிள்ளைகள் விஷயம் என்று பலர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏனென்று தெரியவில்லை. மிக்ஸி, குக்கர், இன்டக்ஷன் அடுப்பு இவற்றோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவர்கள் யார்?

ஆங்கிலம் படிக்க வருமென்றால், அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துத் தொழிற்கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்த டோனி குஃபால்ட் எழுதிய 'லெஸன்ஸ் இன் எலெக்ட்ரிக் ஸர்க்யூட்ஸ்' இருக்கிறது. மொத்தம் 6 பாகம். நேர் மின்சாரம், மாறு மின்சாரம், குறைகடத்தி, டிஜிட்டல் என்று ஒழுங்காக ஏறிப் போகிறது; ஆறாவது பாகம் முழுவதும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள். இதையும் யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்று அவர் எழுதியே கொடுத்துவிட்டார்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு சோதனை. 9 வோல்ட் பாட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று. இரண்டையும் நேராக இணைத்தால் விளக்கு ஒரு கணம் பிரகாசித்துவிட்டு உயிரை விட்டுவிடும். மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாயில் முழு வேகத்தில் திறந்துவிட்ட மாதிரி. நடுவில் ஒரு 'ரெஸிஸ்டர்' வைக்க வேண்டும். குழாயைச் சற்றுத் திருகி மூடுவது போல மின்னோட்டத்தை அது குறைக்கும். எவ்வளவு பெரிய ரெஸிஸ்டர்? சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட். அதற்கு 20 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டாம். 7-ஐ 0.02-ஆல் வகுத்தால் 350 ஓம். அதற்கு மேல் கடையில் சுலபமாகக் கிடைப்பது 470 ஓம். அதைப் போட்டால் ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர் ஓடும்; விளக்கு சமர்த்தாக எரியும். ஓம் என்பவரின் விதி இவ்வளவுதான். ரெஸிஸ்டரும் எல்.இ.டி.யும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை, இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆரம்பக்காரர்கள் பாட்டரியோடு நிற்க வேண்டும். சுவரில் இருக்கும் 230 வோல்ட் பிளக்கை எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் நோண்டக் கூடாது. சாமானே வாங்க வேண்டாம் என்றால் 'டிங்கர்காட்' போன்ற இலவசத் தளங்களில் திரையிலேயே கம்பி இணைத்து விளக்கை எரிய வைத்துப் பார்க்கலாம். அங்கே விளக்கு கருகினாலும் நஷ்டமில்லை. அதில் கை பழகிய பிறகு 'ஆர்டுவினோ' என்கிற சிறு பலகைக்குப் போகலாம். 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காகப் பிறந்த பலகை அது. அதன் வரைபடத்தையும் ஊருக்கே திறந்து வைத்துவிட்டதால், சில நூறு ரூபாய்க்கே அதைப் போன்ற பலகைகள் கிடைக்கின்றன.

"எல்லாம் சரி, இவ்வளவையும் இவர்கள் ஏன் இனாமாகக் கொடுக்க வேண்டும்? இதில் என்ன சூது?" என்று புத்திசாலியான சகோதரி ஒருவர் கேட்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான்.

பதில் இரண்டு. முதலாவது, அரசாங்கப் பாடநூலும், பம்பாய் ஐ.ஐ.டி. திட்டமும், என்.பி.டி.இ.எல்.லும் உண்மையில் இனாமே அல்ல. அரசாங்கப் பணத்தில் உருவானவை. அதாவது தீப்பெட்டி முதல் சோப்பு வரை நீங்கள் வாங்கிய ஒவ்வொன்றிலும் கட்டிய வரி. ஏற்கனவே பணம் கொடுத்து வாங்கிவிட்ட பண்டத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, அறிவைப் பூட்டி வைக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நம் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், புத்தகம் பீரோவுக்காக அல்ல, படிப்பவருக்காக என்று வாழ்நாளெல்லாம் எடுத்துச் சொன்னவர். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலே ஒரு நூலகமே புறப்பட்டுப் போயிற்று. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. கடல் கடந்த தேசங்களிலும் அப்படியே. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், கம்ப்யூட்டர் நிரல்களை எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் உரிமை வேண்டும் என்று ஓர் இயக்கமே ஆரம்பித்தார். 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதி ஊருக்குக் கொடுத்தது லினக்ஸ். நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது அதன் வம்சம்தான். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தது. 2001-ல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை உலகத்துக்குத் திறந்து விடுவதாக அறிவித்தது. மன்னார்குடி மாட்டு வண்டி போன வழியில்தான் இந்த வண்டிகளும் போகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு, கசப்பான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இனாம் படிப்பில் ஒரே ஒரு குறை உண்டு. அது பாடத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

ஹார்வர்டும் மாஸசூஸெட்ஸ் கழகமும் நடத்திய இணைய வகுப்புகளைப் பற்றி 2019-ல் 'ஸயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் அவற்றில் சேர்ந்தவர்களில் கடைசி வரை படித்து முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர்! சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிலோ நூற்றுக்கு 46 பேர் முடித்திருக்கிறார்கள். பாடம் ஒன்றுதான், வாத்தியாரும் ஒருவர்தான். வித்தியாசம் எங்கே? பணம் கட்டியவர்களில் பலர் முதலிலேயே முடிக்க வேண்டும் என்ற உறுதியோடு வந்தவர்களாக இருக்கலாம். கட்டிய பணமும், 'ஐயோ, வீணாகிவிடுமே' என்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், இனாமாக வந்தவனைத் தள்ளிவிட ஆளில்லை.

தேரடி வீதி அம்மாளிடமும் இதைத்தான் சொன்னேன். "அக்கா, அந்த 40,000-ல் பெரும் பகுதி பாடத்துக்காக அல்ல. தினம் காலையில் எழுந்து போக வேண்டும், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், ஒருவர் 'செய்தாயா?' என்று கேட்பார். அதற்குத்தான் அந்தப் பணம். இந்த மூன்றையும் வீட்டிலேயே ஏற்படுத்த முடியுமா என்று மூன்று மாதம் பாருங்கள். முடியாவிட்டால் சங்கிலி எங்கேயும் ஓடிவிடாது."

கட்டணம் வாங்குகிற வகுப்பெல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் அருகில் கிடைத்தால் அது பாக்கியம். ஆனால் 'வேலை நிச்சயம்' என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எழுத்தில் கொடுப்பார்களா என்று கேளுங்கள். 'இலவச வகுப்பு' என்று கூப்பிட்டு, கடைசியில் தவணைக் கடனுக்குக் கையெழுத்துக் கேட்டால் பேனாவை மூடிவிட்டு எழுந்து வாருங்கள்.

தள்ளிவிட ஆள் வேண்டும் என்றேனே, அதற்கும் நம் பக்கத்திலேயே வழி இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமத்திலிருந்து வந்து குடும்பத்திலேயே முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளுக்கு, அங்கே வேலையிலிருக்கும் இளைஞர்கள் கட்டணமில்லாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். காஞ்சிபுரத்திலும் அப்படி ஒரு குழு இருக்கிறது. இணையத்திலேயே கூடிப் பேசுகிறார்கள். 'இந்தக் கேள்வி கேட்டால் சிரிப்பார்களோ?' என்கிற கூச்சம் இரண்டு கூட்டத்தில் போய்விடும். அதுவும் முடியாதென்றால் இரண்டு பெண்கள் போதும். எதிர் வீட்டுப் பெண்ணும் உங்கள் பெண்ணும் சேர்ந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஒருத்தி சோம்பினால் மற்றவள் விடமாட்டாள்.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. புத்தகம் இனாம், பாடம் இனாம். ஆனால் நேரமும் போனும் இனாம் அல்ல. பல வீடுகளில் தம்பிக்குத் தனிப் போன். அக்காளுக்கு அம்மா போன், அதுவும் அம்மா பேசி முடித்த பிறகு. பையன் உட்கார்ந்தால் 'படிக்கிறான், தொந்தரவு செய்யாதே'. பெண் உட்கார்ந்தால் 'சும்மாதானே இருக்கிறாய், வெங்காயத்தை நறுக்கு.' வரன் வருகிற வரை சும்மா இருப்பதுதான் பெண்ணின் உத்தியோகம் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? வரன் வரட்டும், நல்லபடியாகக் கல்யாணம் ஆகட்டும். கற்ற வித்தை சீர்வரிசையோடு கூடவே போகும். அதை எந்தச் சேட்டுக் கடையிலும் அடகு வைக்க முடியாது.

மருமகள்களையும் மாமியார்களையும் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். குழந்தை பிறந்ததால் வேலையை விட்டவர்கள் எத்தனை பேர்! ஐந்து வருஷம் கழித்துத் திரும்பப் போனால், 'உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பழசாகிவிட்டது' என்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பத்து நிமிஷப் பாடங்கள் குழந்தை தூங்குகிற நேரத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கின்றன.

எப்படி ஆரம்பிப்பது? என்னால் முடிந்த அளவு சுருக்கிச் சொல்லுகிறேன்.

முதல் மாதம் ஒரே புத்தகம். பத்தை இறக்கி வைத்துக்கொண்டு பத்தையும் படிக்காமல் இருப்பதைவிட ஒன்றைப் பாதி படிப்பது மேல். தினம் அரை மணி, அதே நேரம், அதே இடம். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். புரியாத வார்த்தைக்குச் சொந்தத் தமிழில் ஓர் அர்த்தம் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் இல்லை என்றால் முடங்க வேண்டாம். போனிலேயே பைதான் எழுதிப் பார்க்க இலவசச் செயலிகள் இருக்கின்றன. 'கூகுள் கோலாப்' என்ற தளத்திலும் எழுதிப் பார்க்கலாம்.

இரண்டாவது மாதம் சொந்தமாக ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, மளிகை ஜாபிதா, எதுவானாலும் சரி. புத்தகத்தில் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தப்பு வரும். சிவப்பு எழுத்தில் கம்ப்யூட்டர் திட்டும். அதற்காக அழ வேண்டாம். பெரிய நிபுணர்களையும் அது தினம் திட்டுகிறது. அவர்கள் திட்டைப் பொறுமையாகப் படித்து எந்த வரியில் தப்பு என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது மாதம், செய்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புக் குழந்தை போதும். அதற்குப் புரிந்துவிட்டால் உங்களுக்கு வந்துவிட்டது. உத்தியோகத்துக்குப் போகும்போதும், சுவரில் மாட்டிய சான்றிதழோடு, 'இதை நான் செய்தேன்' என்று எடுத்துக் காட்ட ஒன்று இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

மூன்று மாதத்தில் வேலை கிடைத்துவிடும் என்று நான் உறுதி சொல்லவில்லை. அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம் என்று மேலேயே எழுதிவிட்டேன். ஆனால் மூன்று மாதத்தில், இந்த வித்தை நமக்குப் பிடிக்கிறதா, வருகிறதா என்பது நிச்சயம் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

இன்று இரவு சாப்பாடு ஆனதும் ஒரு காரியம் செய்யுங்கள். பாத்திரம் கழுவுகிற வேலையைப் பையனிடம் கொடுங்கள். போனைப் பெண்ணிடம் கொடுங்கள். அரை மணி நேரம் கழித்து, "என்னடி படிச்சே? எனக்கும் சொல்லு" என்று பக்கத்தில் போய் உட்காருங்கள்.